கணினிச் சிப்பின் வேகமும் விலையும்

(சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையில் பேசும்படி காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தபோது, எதைப் பற்றிப் பேசுவதென்று சில நாள் தடுமாறினோம். மிஷன் பாடசாலையில் படித்துச் சர்வகலாசாலைக்குச் சென்றிருக்கும் பிள்ளைகள் புராணம் பேசப் புகுந்தால் பெரியோர்கள் பிழை பிடிப்பார்கள். அரசியல் பேசினால் தலைவர் மணியை அடித்துவிடுவார். எமது தடுமாற்றத்தைத் தீர்த்துவைத்தவர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சங்க நூல்நிலையத்துக்கு வந்துபோகும் ஒரு பெரியவர். உயர்தரம் படிக்கும் பேத்திக்குக் கணினி வாங்குவதற்காகப் பதுளைக் கடைவீதியில் இரண்டு கடைகள் ஏறி இறங்கி, இரண்டு விலைத் துண்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவற்றை எம் முன் விரித்து, "தம்பி, இதிலே மூன்று தசம் ஆறு என்று போட்டிருக்கு. அதிலே ஒன்று தசம் மூன்றுதான். ஆனா விலை அந்த ரெண்டாவதுக்குத்தான் பல மடங்கு கூட. வேகம் குறைஞ்சதுக்கு எப்படி விலை கூடும்? தோட்டத்து ஆள்தானே என்று பார்த்து ஏமாத்துறானா?" என்று கேட்டார்.

நூல்நிலைய வாசலில் நின்றபடி நாம் அன்று சொன்ன பதில் அரைகுறையானது. முழுப் பதிலை இன்று சொல்ல முயல்கிறோம். கணினியின் மூளையாகிய அந்தச் சிறு துண்டை இந்தியாவில் சில்லு என எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் சில்லு என்றால் வண்டிச் சில்லுதான் எல்லோர்க்கும் ஞாபகம் வரும். ஆகையால் சிப் என்றே சொல்லிப்போகிறோம், பொறுத்தருள்க.

இந்தக் கேள்வியில் எமக்கும் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோய்ப் பரவலினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழிக்கு மாறியபோது, அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் எமக்கு ஒரு கணினி வாங்கப் போனோம். ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று பழைய மேசைக் கணினி, பென்டியம் 4, வேகம் 3 கிகாஹேர்ட்ஸ். மற்றது சிறிய மடிக்கணினி, 1.1 கிகாஹேர்ட்ஸ், விலையோ அதிகம். மூன்று பெரிதா, ஒன்று பெரிதா? கணக்கிலே சித்தி பெற்ற பிள்ளைகளாகிய நாம் மூன்றை வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். காம்பிராவில் அதை இயக்கினால், ஸ்டோரில் இலை வாட்டும் விசிறி போல இரையும். வகுப்புத் தொடங்கினால், ஆசிரியரின் வாய் திறந்தபடி நிற்க, குரல் மட்டும் பின்னால் வந்து சேரும். அடுத்த லயத்தில் அந்த 1.1 கிகாஹேர்ட்ஸ் மடிக்கணினியை வாங்கியவர்கள் ஒரு தடங்கலுமின்றிப் படித்தார்கள். (சிக்னல் தேடி மலையேறிய அந்நாட்களில் மேசைக் கணினியைச் சுமந்துகொண்டு ஏறவும் முடியாது என்பது வேறு விஷயம்.) கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது 3 கிகாஹேர்ட்ஸ்தான். பிழை அந்த எண்ணை நாம் வாசித்த முறையில் இருந்தது.

அந்த எண் எதைச் சொல்கிறது? சிப்பின் உள்ளே ஓயாத துடிப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஓர் அடி நகரும். விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு என்றால் ஒரு கிகாஹேர்ட்ஸ். இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கு இதை விளக்குவது மிக எளிது. மலையில் கொழுந்து எடுக்கும்போது கை எத்தனை தடவை செடிக்குப் போய்க் கூடைக்கு வருகிறது என்பதுதான் துடிப்பு. ஒவ்வொரு தடவையும் கைப்பிடியில் எவ்வளவு கொழுந்து இருந்தது என்பது அந்த எண்ணில் இல்லை. மாலையில் நிறுவையடியில் கணக்கப்பிள்ளை எழுதுவது கையோட்டத்தையா? கிலோவையன்றோ எழுதுகிறார். துடிப்பையும், ஒரு துடிப்பில் முடியும் வேலையையும் பெருக்கினாற்றான் சிப்பின் கிலோ தெரியும். அந்த இரண்டாவது எண்ணை எந்த விலைத் துண்டிலும் எவரும் எழுதுவதில்லை.

ஆயினும் மக்கள் முதல் எண்ணை நம்பியது மடமை என்று நாம் சொல்லமாட்டோம். நம்புவதற்கு நியாயம் இருந்தது. 1978இல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 8086 என்னும் சிப் 5 மெகாஹேர்ட்ஸ். 1993இல் வந்த முதற் பென்டியம் 60 மெகாஹேர்ட்ஸ். 2000ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதி ஏஎம்டி கம்பெனியும், இரண்டு நாள் கழித்து இன்டெலும் ஆயிரம் மெகாஹேர்ட்ஸை, அதாவது ஒரு கிகாஹேர்ட்ஸை எட்டின. இருபத்திரண்டு ஆண்டில் இருநூறு மடங்கு. அக்காலத்தில் எண் ஏறினால் வேலையும் ஏறியது. பழைய யந்திரத்தை விற்றுப் புதியதை வாங்கியவர் வித்தியாசத்தைக் கண்ணாற் கண்டார். ஆகவே விலையும் எண்ணின் பின்னாலே சென்றது. அந்த ஒரு கிகாஹேர்ட்ஸ் சிப் ஒன்றுக்கு, ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குவோர்க்கே, ஏஎம்டி 1299 டொலரும் இன்டெல் 990 டொலரும் கேட்டன. அந்த வட்டமான எண்ணுக்காகவே கொடுத்தார்கள் எனலாம்.

வியாபாரிகள் இதைக் கவனியாமல் இருப்பார்களா? அதே ஆண்டு நவம்பரில் இன்டெல் பென்டியம் 4ஐக் கொண்டுவந்தது. எண்ணை ஏற்றுவதற்கு ஏற்றபடி உள் அமைப்பையே மாற்றினார்கள். பத்துப் படியில் நடந்த வேலையை இருபது படியாகப் பிரித்தார்கள். படி சிறிதானால் துடிப்பைக் கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் நடக்கும் வேலை குறையும். 1.5 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4, சில வேலைகளில் முந்திய 1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3க்குப் பின்னால் நின்றது. அதன் விலை 819 டொலர். ஒன்பது மாதம் கழித்து 2001 ஆகஸ்டில் 2 கிகாஹேர்ட்ஸ் வந்தது. அதன் விலை 562 டொலர். வேகம் மூன்றிலொரு பங்கு கூடியிருக்க விலை மூன்றிலொரு பங்கு குறைந்தது. வேகமே விலையைத் தீர்மானிக்கும் என்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் சமாதானம் சொல்லவேண்டும். எமக்குத் தெரிந்த சமாதானம் இதுதான்: எதிரே ஏஎம்டி நின்றது. போட்டி விலையை இழுத்தது. வேகம் பேசாமல் நின்றது.

ஏஎம்டியின் பாடும் வேடிக்கையானது. தனது சிப் குறைந்த துடிப்பில் அதிக வேலை செய்கிறது என்று எத்தனை சொல்லியும் சனங்கள் எண்ணையே பார்த்தபடியால், 2001 அக்டோபரில் 1.53 கிகாஹேர்ட்ஸ் சிப்புக்கு 1800+ என்று பெயரிட்டு விற்றது. அதைப் பொய்யென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. மெய்யென்று சொல்லவும் நா எழவில்லை.

இந்த ஓட்டத்தை நிறுத்தியது மனிதரல்லர், சூடு. டீமேக்கர் ஐயாமார் இதை எம்மைவிட நன்கு அறிவார்கள். ரோலரை வேகமாகச் சுழற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இலை சூடேறும், சூடேறிய இலையில் மணம் நில்லாது. சிப்பிலும் அவ்வாறே. துடிப்பைக் கூட்டவேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும். ஆகவே துடிப்பைவிட விரைவாகச் சூடு ஏறும். 2004ஆம் ஆண்டு மே மாதம் இன்டெல் தனது அடுத்த பென்டியம் திட்டத்தைக் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் கைவிட்டது. அப்போது அதன் தலைவராக இருந்த கிறேக் பரெட், அமெரிக்காவில் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்பது போல விளையாட்டாய் நடித்துக் காட்டினார். மிஷன் பாடசாலையில் வேறு காரணங்களுக்காகப் பலமுறை முழந்தாளிட்ட எமக்கு அந்தச் செய்தி தனி இன்பம் தந்தது. அதே ஆண்டு இன்டெல் சிப்புகளுக்கு வேகத்தால் பெயர் வைப்பதையும் விட்டுவிட்டது. 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தபோது, 2.4 கிகாஹேர்ட்ஸில் 316 டொலருக்கு விற்ற சிப், 3.8 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4ஐ மிக இலகுவாகத் தோற்கடித்தது. ஆக, நாம் 2020இல் சீட்டுக் காசைக் கொடுத்து வாங்கியது, செய்தவர்களே பதினாறு ஆண்டுகளுக்கு முன் கைவிடத் தொடங்கிய ஓர் எண்ணைத்தான்.

அப்படியானால் வேகத்துக்கு விலையே இல்லையா? உண்டு. எங்கே உண்டு என்று சொல்வதற்கு ஸ்டோருக்குள் மறுபடியும் போகவேண்டும். ஒரே நாள் எடுத்த கொழுந்து, ஒரே ரோலரில் அரைந்து, ஒரே அடுப்பில் காய்ந்து, கடைசியில் சலிக்கும்போது பீஓபி, பீஓபிஎப், டஸ்ட் என்று பிரிகிறது. அந்தப் பெயர்கள் துகளின் அளவைச் சொல்கின்றனவேயன்றி ருசியைச் சொல்லவில்லை. டஸ்ட் என்ற பெயரைக் கேட்டுக் கழிவென்று நினைப்பவர் உண்டு; அது ஏலத்தில் நல்ல விலைக்குப் போவது ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சிப்பும் அப்படியே சலிக்கப்படுகிறது. ஒரே சிலிக்கன் தட்டில் பிறந்த நூற்றுக்கணக்கான சிப்புகளைச் சோதித்து, அதிகத் துடிப்பைத் தாங்குவனவற்றை ஒரு பெயரிலும் மற்றவற்றை வேறு பெயரிலும் விற்பார்கள். ஒரே தட்டில் பிறந்த சகோதரர்களுக்குள் வேகம் கூடியவனுக்கு விலையும் கூடும். உச்சியில் நிற்கும் ஒருவனுக்கு மிகவும் கூடும். அந்த எல்லைக்குள் எண் நேர்மையானது. வேறு குடும்பத்துப் பிள்ளையோடு ஒப்பிடத் தொடங்கியவுடன் அது பொருளிழக்கிறது.

சலிப்பிலும் ஒரு சூது உண்டு. 1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் இரண்டு சிப்புகளை வெளியிட்டது. 300 மெகாஹேர்ட்ஸ் செலரோன் 149 டொலர். 450 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 2, 669 டொலர். அந்த மலிவான செலரோனை வாங்கிய இளைஞர் பலர், பலகையில் ஒரு சிறு மாற்றம் செய்து அதை 450இல் ஓட்டினார்கள், அதுவும் ஓடியது. வேகமாய் ஓட இயலாத சிப் என்பதால் அது மலிவாக விற்கப்படவில்லை. மலிவாய் வாங்குவோர்க்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. விலையை வைத்தபின் அதற்கேற்ற வேகத்தை எழுதினார்கள் என்றும் சொல்லலாம்.

இனித் தேவையைப் பார்ப்போம். எந்தச் சிப்புக்கு உலகம் அடித்துக்கொள்கிறது? 2021இல் மோட்டார்க் கார்த் தொழிற்சாலைகள் சிப் இல்லாமல் நின்றதைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். செப்டெம்பர் மாத உற்பத்தியில் தொயோட்டா மட்டும் 40 வீதத்தைக் குறைக்கத் திட்டமிட்டது. பற்றாக்குறையாய் நின்றவை பெரும்பாலும் பழைய முறையில் செய்யப்படும் மலிவான சிப்புகள். கண்ணாடியை இறக்கவும் பிரேக்கைக் கவனிக்கவும் பயன்படுபவை. அவற்றின் துடிப்பு சில பத்து அல்லது சில நூறு மெகாஹேர்ட்ஸ்தான். நோய்க்காலத் தொடக்கத்தில் கார்க் கம்பெனிகள் சொல்லிவைத்ததை இரத்துச் செய்தன. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான கணினிகளுக்கு அந்த இடம் போயிற்று. திரும்பி வந்து கேட்டபோது இடமில்லை. அதற்குமேல் அந்த ஆண்டு பெப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர், மார்ச்சில் யப்பானில் ஒரு சிப் ஆலையில் தீ. சிப் ஆலை ஒன்றை எழுப்பச் சில ஆண்டு செல்லும். தேயிலைக் கன்று நட்டவனுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. விலை ஏறிய இன்று நட்டால் கொழுந்து அடுத்த மாதம் வராது.

மறுகோடியில் இன்னோர் உதாரணம். 2023 ஜனவரியில் இன்டெல் 6 கிகாஹேர்ட்ஸ் தொடும் சிப் ஒன்றை விற்பனைக்கு விட்டது. விலை 699 டொலர். அதே ஆண்டு உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் வரிசையில் நின்று வாங்கியது என்விடியாவின் எச்100. அதன் துடிப்பு 2 கிகாஹேர்ட்ஸுக்குள். விலையோ 25,000 டொலருக்கும் மேல் எனச் செய்திகள் வந்தன. மூன்றிலொரு பங்கு வேகத்துக்கு முப்பது மடங்குக்கு மேல் விலை! ஏனென்றால் அதனுள் பதினாறாயிரத்துக்கும் அதிகமான சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. செயற்கை அறிவுக்கு வேண்டியது அவ்வகை வேலை. பக்கத்திலேயே ஒட்டிவைத்த அதிவிரைவு நினைவகமும் உண்டு. ஒருவர் ஓடிப்போய் எடுக்கும் கொழுந்தும், மலை நிறைய ஆட்கள் நின்று நிதானமாக எடுக்கும் கொழுந்தும் ஒன்றாகுமா? ஆனால் மலை நிறைய ஆள் இருந்தும் நிறுக்கத் தராசு ஒன்றே இருந்தால் எல்லோரும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். எல்லா வேலையையும் பங்கிட முடியாது. ஆகவே எமது வீட்டுப் படிப்புக்கு எச்100 வேண்டியதில்லை.

வேகம் குறைந்ததற்கு விலை கூடுவது புதுமையென்று நினைத்தால், எமது ஊவா மலையையே பாருங்கள். ஆடி, ஆவணி, புரட்டாதியில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது கொழுந்து மெதுவாகத்தான் வரும். கூடை நிறையாது, பேர் போடுவதும் கஷ்டம். ஆனால் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு மணமும் மதிப்பும் உள்ள காலமும் அதுவே. அந்த விலையில் கொழுந்து எடுத்த கைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை இன்னொரு கூட்டத்தில் பேசவேண்டும். இன்று தலைவர் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட எம்மைத் தொட்ட விலைக் காரணம் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபா. 400 டொலர் பெறுமதியான ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். 80,000 ரூபாவாய் இருந்தது 1,44,000 ஆயிற்று. வரியையும் கடைக்காரர் இலாபத்தையும் நாம் இதில் சேர்க்கவில்லை. அந்நாளில் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. எண்பது நாள் வேலை நூற்று நாற்பத்து நான்கு நாள் வேலையாயிற்று. சிப்பின் துடிப்பில் ஓர் எண் மாறவில்லை. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும், அந்த மடிக்கணினிக்கு எண்பது நாளுக்கு மேற்பட்ட வேலை வேண்டியிருந்தது. அதன்பின் 2025இன் பிற்பகுதியில், செயற்கை அறிவுக் கூடங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் அவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. எங்கோ தூரதேசத்தில் எழும் ஒரு கூடத்தின் பசி பதுளைக் கடைவீதி வரை வருகிறது.

பெரியவரின் இரண்டு துண்டுகளுக்கு வருவோம். 3.6 என்று எழுதியிருந்தது 2014இல் வந்த ஐ3 சிப் உள்ள பழைய மேசைக் கணினி, இரண்டே மூளை. 1.3 என்று எழுதியிருந்தது 2022இல் வந்த ஐ5 மடிக்கணினி. பெரியதும் சிறியதுமாகப் பத்து மூளை, முன்னதில் மூன்றிலொரு பங்கு மின்சாரமும் வேண்டாம். மேலும் 1.3 என்பது அது நிதானமாய் நடக்கும் வேகம், தேவைப்பட்டால் 4.4 வரை ஓடும். அந்த ஒற்றை எண்ணும் இப்போது ஒற்றையாய் இல்லை, பாருங்கள். பழையது மலிவாய் இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றன. விண்டோஸ் 11 அந்த 2014ஆம் ஆண்டுச் சிப்பை ஏற்பதில்லை. ஆகவே கடைக்காரர் பெரியவரை ஏமாற்றவில்லை. ஆனால் எதையும் விளக்கவுமில்லை.

புதியதை வாங்கப் பெரியவரிடம் காசு போதவில்லை. சென்ற மாதம் அவரோடு நாமும் கடைவீதிக்குப் போனோம். வேகத்தைக் கேட்கவில்லை, சிப் எந்த ஆண்டுக்குரியது, நினைவகம் எட்டு கிகாபைட் உண்டா, உள்ளே சுழலும் தட்டா அல்லது எஸ்எஸ்டியா, மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும் என்று கேட்டோம். நான்காவது கடையில், 2017இல் வந்த ஐ5 சிப் உள்ள பாவித்த மடிக்கணினி ஒன்று அகப்பட்டது. நான்கு மூளை, விண்டோஸ் 11ஐ ஏற்கும், விலை இரண்டு துண்டுகளுக்கும் நடுவில். துண்டில் 1.6 என்று எழுதியிருந்தது. பெரியவர் அந்த எண்ணை ஒருமுறை பார்த்தார், எம்மை ஒருமுறை பார்த்தார், பிறகு காசை எண்ணத் தொடங்கினார்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல் நாமும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் நூல்நிலையத்தில் இருப்போம். கணினி வாங்க நினைப்பவர்கள் விலைத் துண்டை வாங்குவதற்கு முன்னே கொண்டுவாருங்கள். வாங்கியபின் கொண்டுவந்தால் எம்மால் ஆறுதல்தான் சொல்லமுடியும்.